வலிப்பு நின்ற பிறகு: ஒரு கேள்வியின் வரலாறு

கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தி ஒரு திருமணச் சந்தை. ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் குறுக்கிடும் அந்த இடத்தைச் சுற்றியுள்ள புடவைக் கடைகளில்தான் தென் கொல்கத்தாவின் மணப்பெண்கள் பலருக்குப் பனாரசிப் பட்டு எடுக்கப்படுகிறது. அங்கிருந்து மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேரூன்றிய பகுதி அது. இந்தப் பகுதிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இன்னொரு போக்குவரத்தும் நெடுங்காலமாக நடந்துவருகிறது. வங்காளத்தில் 'வேலூர்' என்ற சொல் ஓர் ஊரின் பெயராக மட்டும் வழங்கவில்லை. உள்ளூர் மருத்துவம் கைவிட்ட நோயாளியை அழைத்துச் செல்லும் இடம் என்பதே அதன் நடைமுறைப் பொருள். காட்பாடி சந்திப்பில் இறங்கும் வங்காளிகளை நம்பியே கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றித் தங்கும் விடுதிகளும், மீன் குழம்புச் சோறு போடும் உணவகங்களும், வங்க எழுத்துப் பெயர்ப் பலகைகளும் பெருகின.

அவ்வாறு வருவோரில் வலிப்பு நோயுள்ளோரும் உண்டு. வங்காளத்தில் அந்நோய்க்கு 'மிருகி' என்று பெயர். தமிழில் காக்காய் வலிப்பு, கால்-கை வலிப்பு. தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் தமிழ்நாட்டில் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வங்காளத்தில் தோல் செருப்பை மூக்கருகே பிடிப்பார்கள். இரண்டாலும் பயனில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் இரும்புக்கும் செருப்புக்கும் போய்ச் சேரும்.

சிகிச்சைக்குப் புறப்படும்போது குடும்பம் கேட்பது ஒரே கேள்வி: வலிப்பு நிற்குமா? அறுவை சிகிச்சை முடிந்து, வலிப்பும் நின்று, வீடு திரும்பிய சில மாதங்களில் வேறு கேள்விகள் எழுகின்றன. இனித் தனியாகச் சாலையைக் கடக்கலாமா? வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்ல வேண்டுமா? பெண் பார்க்க வருபவர்களிடம் என்ன சொல்வது? முதல் கேள்விக்கு மருத்துவம் பதில் தேடத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. இரண்டாவது வரிசைக் கேள்விகளை அது தன் கேள்விகளாக ஏற்றுக்கொண்டு நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தத் தாமதம் எப்படி நேர்ந்தது, அதில் தமிழ் நிலத்தின் பங்கு என்ன என்பதே இங்குச் சொல்லப்படும் வரலாறு.

1. முயலகன் நோய்

தமிழ் மரபு இந்நோயை 'முயலகன்' என்ற பெயரால் அறிந்திருந்தது. ஆடல்வல்லானின் காலடியில் கிடக்கும் குறள் உருவத்துக்கும் அதுவே பெயர், வடமொழியில் அபஸ்மாரன். அபஸ்மாரம் என்றால் நினைவு அழிதல் என்று பொருள். நோயின் பெயரும் மிதிபடும் அசுரனின் பெயரும் ஒன்றானதால், நோயுற்றவர் உடலுக்குள் ஒரு பகைவன் குடியிருக்கிறான் என்ற எண்ணமும் உறுதிப்பட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகள் முயலகன் நோயால் வருந்துகிறாள். வேறு எதனாலும் தீராத நிலையில் தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்துகிறான். திருச்சிராப்பள்ளிக்கு அருகே இன்று திருவாசி என வழங்கும் ஊர் அது. அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, நோய் நீங்கி, அவள் எழுந்து வந்து தந்தையின் அருகே நிற்கிறாள். அவ்வூர் நடராசர் திருவடியின் கீழே முயலகனுக்குப் பதிலாகப் பாம்பு இருப்பதற்கும் இந்நிகழ்ச்சியையே காரணமாகச் சொல்வர்.

கதை அங்கே நிறைவடைகிறது. அந்தப் பெண் பின்னர் எப்படி வாழ்ந்தாள், அவளை யார் மணந்தார், ஊரார் அவளைப் பார்த்த பார்வை மாறியதா என்பவை புராணத்தின் அக்கறைகள் அல்ல; அருளைக் காட்டுவதே அதன் நோக்கம். ஆனால் எழுந்து நின்றதோடு கதையை முடிக்கும் இந்தப் பழக்கம் புராணத்தோடு நிற்கவில்லை. நவீன மருத்துவ ஏடுகளும் ஒரு நூற்றாண்டுக் காலம் அதையே செய்தன.

2. லண்டனிலிருந்து மான்ட்ரியாலுக்கு

1886 மே 25 அன்று லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி, தலைக்காயத்தின் வடுவால் ஓயாது வலிப்புக்கு ஆளான 22 வயது இளைஞர் ஒருவரின் மூளையிலிருந்து அந்த வடுவை வெட்டி எடுத்தார். வலிப்பு மூளையின் குறிப்பிட்ட ஓரிடத்தில் தோன்றக்கூடும் என்று ஹியூலிங்ஸ் ஜாக்சன் கூறிவந்த கருத்துக்கு அது செயல்முறைச் சான்றாக அமைந்தது. நோய் உடல் முழுவதையும் பிடித்த பேய் அன்று. சில சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு திசுவின் கோளாறாக இருக்கலாம் என்பது மனித வரலாற்றில் சிறிய மாற்றமன்று.

இதற்கிடையே மருந்துகளும் வந்தன. 1912இல் பினோபார்பிட்டோனும் 1938இல் பெனிட்டாயினும் பயன்பாட்டுக்கு வந்தபின், வலிப்புள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மாத்திரைகளாலேயே வலிப்பின்றி வாழ வழி பிறந்தது. எஞ்சிய ஒரு பங்கினருக்கு எத்தனை மருந்து மாற்றினாலும் வலிப்பு அடங்குவதில்லை. தக்க இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பை 'மருந்துக்கு அடங்காத வலிப்பு' என்று இன்று வரையறுக்கிறார்கள். அறுவை சிகிச்சை இவர்களில் ஒரு பகுதியினருக்கே உரியது.

அந்த அறுவையைச் செம்மைப்படுத்தியவர் கனடாவின் வைல்டர் பென்ஃபீல்ட். 1934இல் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்தூண்டலால் தொட்டுத் தொட்டு ஆராய்ந்தார். விரல் அசைகிறதா, பேச்சு தடைபடுகிறதா, பழைய நினைவொன்று எழுகிறதா என்று நோயாளியே சொல்வார். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்த உரையாடல் தீர்மானித்தது. நோயாளியின் சொல்லுக்கு அறுவைக் கூடத்தில் இத்தனை மதிப்பு இருந்தது. அறுவை முடிந்தபின் அதே நோயாளியின் சொல்லுக்கு அந்த மதிப்பு கிடைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

3. வேலூர், 1952

பென்ஃபீல்டிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஜேக்கப் சாண்டி. கேரளத்தில் 1910இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பஹ்ரைன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றி, பின் வட அமெரிக்காவுக்குச் சென்றவர். 1949இல் அவர் வேலூரில் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் அங்கு வந்து சேர, இருவரும் சென்னையைச் சேர்ந்த பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன் ஆகியோரோடு இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

அடுத்த ஆண்டே, 1952இல், வேலூரில் இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளி, பிள்ளைப் பருவத்திலேயே உடலின் ஒரு பக்கம் செயலிழந்து, அதோடு வலிப்புக்கும் ஆளான இளைஞர். எம்.ஆர்.ஐ. கிடையாது, சி.டி. ஸ்கேன் கிடையாது. மூளை மின்னலைப் பதிவும், எக்ஸ்-ரே படங்களும், மருத்துவரின் கண்ணும் கையுமே கருவிகள். சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகளான நாட்டில், ஒரு மாவட்டத் தலைநகர் மட்டுமேயான அன்றைய வேலூரில் இது நடந்தது என்பதை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு குறிப்பிடுவது இயல்பே.

அதற்கடுத்த ஆண்டு, 1953இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் செய்த ஓர் அறுவை இந்தத் துறையையே உலுக்கியது. 27 வயது ஹென்றி மொலைசனின் மூளையில் இரு புறமும் உள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியை அவர் அகற்றினார். வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் அந்த மனிதர் அதன்பின் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். 2008இல் இறக்கும்வரை, ஐந்து நிமிடங்களுக்கு முன் சந்தித்தவர் அவருக்குப் புதியவராகவே இருந்தார். வலிப்பின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அதையும் பயனளித்த சிகிச்சை என்றே எழுதலாம். அந்த அளவுகோல் எவ்வளவு குறைபாடானது என்பதற்கு அவர் வாழ்வே சாட்சியாயிற்று. நினைவுக்கு வரும் கேட்டை முன்கூட்டியே அளந்து பார்க்காமல் மூளையின் அப்பகுதியைத் தொடுவதில்லை என்ற இன்றைய விதி அந்த ஒருவரின் இழப்பிலிருந்து பிறந்தது.

4. பிச்சைக்கு உதவாத கைகள்

அறுவைக்குப் பின் ஒரு மனிதன் எப்படி வாழ்வான் என்ற கேள்வியை வேலூர் வளாகம் அதே ஆண்டுகளில் எதிர்கொண்டது. ஆனால் எதிர்கொண்டது வேறொரு துறையில்.

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூருக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் அறுவையை அவர் உருவாக்கினார். விரல்கள் திறந்தன, மூடின. ஆனால் குணமாகி வெளியேறியவர்களில் சிலர் விசித்திரமான முறையீட்டோடு திரும்பினர். கைகள் நேரானதால் பிச்சை விழவில்லை. நோயின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. முன்பிருந்த பிழைப்பை அறுவை பறித்துக்கொண்டது. புதிய பிழைப்பை உலகம் தரவில்லை. பிராண்டு அதைத் தம் அறுவையின் குறையாகவே எடுத்துக்கொண்டார். 1951இல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் கட்டி, நிமிர்ந்த கைகளுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் புதுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். பின்னர் அதே நிறுவனத்தில், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்த மேரி வர்கீஸ் முன்னின்று 1966இல் மறுவாழ்வு நிறுவனம் ஒன்றை உருவாக்கினார்.

கையைத் திருத்துவதும் வாழ்வைத் திருத்துவதும் இரண்டு தனி வேலைகள் என்ற பாடம் இவ்வாறு தமிழ்நாட்டில் 1950களிலேயே எழுதப்பட்டுவிட்டது. வலிப்பு அறுவைக்கு அந்தப் பாடம் வந்து சேர நாளானதற்கு ஒரு காரணத்தை ஊகிக்கலாம். மடங்கிய விரல் கண்ணுக்குத் தெரியும். அது நிமிர்ந்தபின் அவர் வேலையற்றிருப்பதும் தெரியும். வலிப்புள்ளவரோ வலிப்பு வராத நேரங்களில் மற்றவரைப் போலவே தோன்றுகிறார். அவருடைய ஊனம் பெரும்பாலும் மற்றவர்களின் அச்சத்தில் இருக்கிறது. அதை எந்த ஸ்கேனும் காட்டுவதில்லை.

5. சென்னை: யாருடைய அமைதி?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ராமமூர்த்தியும், அவருடைய சகாக்களான வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா, எஸ். கல்யாணராமன் முதலியோரும் 1960களில் மற்றொரு வழியில் சென்றனர். தலையில் சட்டம் பொருத்தி, அளந்த கோணத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, மூளையின் ஆழத்தில் குறிப்பிட்ட புள்ளியை மட்டும் அழிக்கும் முறை அது. விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராமல் இம்முறையில் சென்னை அடைந்த தேர்ச்சி உலக அளவில் பேசப்பட்டது. கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

அங்கு அமிக்டலா என்னும் பகுதியில் செய்யப்பட்ட அறுவைகள், கட்டுக்கடங்காத ஆவேசமும் ஓயாத பரபரப்பும் கொண்டவர்களுக்கு, அவர்களுள் வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் உடைய குழந்தைகளுக்கும், செய்யப்பட்டன. அமைதிப்படுத்தும் அறுவை என்ற பொருளிலேயே சென்னை மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டனர். பெயரே அளவுகோலையும் சொல்லிவிடுகிறது. நோயாளி எவ்வளவு அடங்கினார், வீட்டாரால் அவரைச் சமாளிக்க முடிகிறதா என்பவையே வெற்றியின் அடையாளங்களாயின.

அந்தக் காலத்து இல்லங்களின் துயரத்தை நினைத்தால் இதை எளிதில் பழித்துவிட முடியாது. மருந்தும் சிறப்புப் பள்ளியும் உதவித் தொகையும் இல்லாத நாட்களில், நாள் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட ஒரு குழந்தை கட்டவிழ்ந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தது என்றால் அது சிறிய பேறு அன்று. எனினும் வரலாற்று நோக்கில் ஒன்றைக் குறித்தாக வேண்டும். இங்கு அளக்கப்பட்டது பராமரிப்பவரின் வாழ்க்கைத் தரம். படுத்திருந்தவரின் வாழ்க்கைத் தரம் என்ன என்று கேட்க அன்று எங்குமே கருவி இல்லை. அவ்வகை அறுவைகள் பின்னர் உலகெங்கும் ஒழுக்கவியல் ஐயங்களுக்கு உள்ளாகிப் பெரிதும் கைவிடப்பட்டன.

6. கேள்வித்தாள் பிறக்கிறது

1980களின் இறுதியில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெரோம் எங்கெல் வகுத்த நான்கு படிநிலைகள் அறுவையின் பயனைக் கூறும் பொதுமொழியாயின. முதல் படி, வாழ்வை முடக்கும் வலிப்பு அறவே இல்லை; நான்காம் படி, குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இன்றும் உலகெங்கும் நோயாளிகளின் கோப்புகளில் இந்த எண்ணே எழுதப்படுகிறது. அதுவும் வலிப்பின் கணக்குத்தான்.

நோயாளியிடமே கேட்டறியும் முயற்சி 1992இல் வடிவம் பெற்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா விக்ரே முதலியோர் அறுவைக்கு வரும் வலிப்பு நோயாளிகளுக்கென 55 வினாக்கள் கொண்ட படிவத்தை வெளியிட்டனர். அதைத் தொடர்ந்து 89, 31, 10 வினாக்கள் கொண்ட படிவங்களும் வந்தன. அடுத்த வலிப்பு எப்போது வருமோ என்ற அச்சம், நினைவாற்றல், மருந்தின் பக்கவிளைவு, வேலை, நட்பு, வண்டி ஓட்டுதல் எல்லாம் வினாக்களாயின. இப்படிவங்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் பலவற்றில் திரும்பத் திரும்ப ஒரு செய்தி வெளிப்பட்டது. முற்றிலும் வலிப்பு நின்றவர்களின் வாழ்க்கைத் தரம் தெளிவாக உயர்கிறது. வலிப்பு வெகுவாகக் குறைந்தும் அறவே நிற்காதவர்களிடம் அந்த உயர்வு அவ்வளவாகத் தெரிவதில்லை. மாதம் பத்து வலிப்பு ஒன்றாகக் குறைந்தால் மருத்துவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. அந்த ஒன்று எந்த நாளில், எந்தப் படிக்கட்டில் வரும் என்று அறியாதவருக்கோ மாதம் முழுவதுமே அச்சத்தின் நாட்கள்.

2001இல் கனடாவின் சாமுவேல் வீப் குழுவினர், பொட்டெலும்புக்கு உட்புறம் உள்ள டெம்போரல் மடலில் வலிப்பு தோன்றும் 80 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டனர். ஓராண்டு முடிவில், சுயநினைவைக் குலைக்கும் வலிப்புகள் இன்றி இருந்தோர் அறுவைப் பிரிவில் 58 விழுக்காடு. மருந்துப் பிரிவில் 8 விழுக்காடு. வாழ்க்கைத் தரத்திலும் அறுவைப் பிரிவே முந்தியது. ஆனால் வேலையிலோ படிப்பிலோ இருந்தோர் முறையே 56.4, 38.5 விழுக்காடு, அந்த வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. வலிப்பு நின்ற வேகத்தில் வேலை வந்து சேரவில்லை.

ஏன் என்பதற்கான ஒரு பகுதி விடை மெல்போர்னிலிருந்து வந்தது. அங்கு பீட்டர் பிளேடினும் சாரா வில்சனும் அறுவைக்குப் பின் குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, வலிப்பு நின்ற சிலர் மகிழ்ச்சிக்கு மாறாகக் கலங்கியிருந்ததைக் கண்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரை 'இயல்பாக இருப்பதன் சுமை' எனலாம். குழந்தைப் பருவம் முதல் நோயாளி என்ற இடத்திலேயே வளர்ந்தவரிடம் திடீரென எல்லாரும் எல்லாவற்றையும் எதிர்பார்க்கின்றனர். முயலாமைக்கும் தவறியதற்கும் சொல்லிவந்த காரணம் போய்விடுகிறது. இழந்த ஆண்டுகளை ஒரே மூச்சில் ஈட்டிவிடத் துடிக்கிறவர்களும் உண்டு. காத்துக்காத்தே பழகிய தாயும் கணவனும் மனைவியும் தம் இடம் எது என்று அறியாது திகைக்கின்றனர். இதை அறுவையின் தோல்வி என்று கருதக்கூடாது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் கடக்கக்கூடிய ஒரு கட்டம் என்பதே அவர்கள் ஆய்வின் சாரம்.

7. திருவனந்தபுரமும் தில்லியும்

இந்தியாவில் வலிப்பு அறுவை, வேலூரின் நல்ல தொடக்கத்துக்குப் பின், சில பத்தாண்டுகள் தேங்கிக் கிடந்தது. 1995இல் அது புத்துயிர் பெற்றது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் குருபத் ராதாகிருஷ்ணன் தலைமையில் வலிப்புக்கான முழுமையான சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. அந்தக் குழு ஒரு செய்தியை வலியுறுத்தியது. தகுந்த நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், எம்.ஆர்.ஐ.யும் காணொளியோடு கூடிய மின்னலைப் பதிவும் கொண்டே, மேலைநாட்டுச் செலவில் ஒரு சிறு பகுதியில், அதே பயனை அடையலாம். ஏழை நாடுகளுக்கு இது எட்டாக்கனி என்ற எண்ணத்தை அது தகர்த்தது.

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. 18 வயதுக்கு உட்பட்ட 116 பேர்; 57 பேருக்கு அறுவை, 59 பேருக்கு மருந்து. அங்கு அறுவைக்கான காத்திருப்பே ஓராண்டுக்கு மேல் நீண்டதால், காத்திருப்போரை ஒப்பீட்டுப் பிரிவாக வைக்க முடிந்தது. ஓராண்டில் வலிப்பின்றி இருந்தோர் அறுவைப் பிரிவில் 77 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 7 விழுக்காடு. அறுவை பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுமையான பாதிப்புகளும் நேர்ந்தன. அவற்றுள் உடலின் ஒரு பக்கம் வலுவிழப்பது முதன்மையானது. மூளையின் ஒரு பாதியையே துண்டிக்க நேரும் பிள்ளைகளிடம் இது எதிர்பார்த்தே ஏற்கப்படும் விலை.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவு உண்டு. அறுவை பெற்ற குழந்தைகளின் நடத்தை, சமூக முதிர்ச்சி, வாழ்க்கைத் தரம் ஆகியவை மருந்துப் பிரிவைவிடத் தெளிவாக மேம்பட்டன. நுண்ணறிவு அளவில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. 'பிள்ளை இனி நன்றாகப் படிப்பானா' என்பதே முதன்மைக் கேள்வியாக இருக்கும் நாட்டில் இது பெற்றோருக்குப் பொறுமையோடு விளக்க வேண்டிய உண்மை. மதிப்பெண் உயராமலே வாழ்வு உயரலாம். தானே உடுத்துவது, தானே கடைக்குப் போவது, பிற பிள்ளைகளோடு விளையாடுவது எல்லாம் உயர்வுதான்.

8. சட்டமும் சம்பந்தமும்

கரியாஹாட்டின் பட்டுக் கடைகளுக்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு இங்குதான் வெளிப்படுகிறது. இந்து திருமணச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது, மணமக்கள் இருவரில் எவரும் அடிக்கடி வரும் பித்துக்கோ வலிப்புக்கோ ஆளானவராக இருத்தல் கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. வலிப்பு நோய், திருமணத்தைச் செல்லாததாக்கக் கோருவதற்கான காரணமாயிற்று. பெங்களூரின் கே. எஸ். மணி முதலிய மருத்துவர்களும் இந்திய வலிப்புநோய்ச் சங்கமும் நெடுநாள் வாதாடினர். 1999இல் பாராளுமன்றம் 'வலிப்பு' என்ற சொல்லை அந்த விதியிலிருந்து நீக்கியது. 1952இல் மூளையிலிருந்து வலிப்பை அகற்றத் தொடங்கிய நாடு, அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்ற 47 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

சட்டம் மாறியும் சம்பந்தம் பேசும் முறை மாறவில்லை. திருமணத்துக்கு முன்பே வலிப்பு வந்திருந்த பெண்களிடம் கேரளத்தில் நடந்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் நோயை மறைத்தே மணந்திருந்தனர். மறைத்தவர்களின் இல்லறமே அதிகம் சிதைந்தது. மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்துவதும், நிறுத்தியதால் வலிப்பு வருவதும், வந்ததால் மறைத்தது வெளிப்படுவதும் ஒரு சுழல். அறுவை முடிந்தவர்களுக்கும் இது பொருந்தும். அறுவைக்குப் பின்னும் மருந்து உடனே நிற்பதில்லை. ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ அதைத் தொடர்ந்து, மெல்ல மெல்லக் குறைப்பதே வழக்கம். குறைக்கும்போது சிலருக்கு வலிப்பு மீள்வதும் உண்டு. காதோரத்தில், முடிக்குள் மறைந்து கிடக்கும் தழும்பு வளைந்த வினாக்குறி போலிருக்கும். அதைப் பற்றிப் பேசுவதா மறைப்பதா என்பதை இன்றும் பெரும்பாலும் குடும்பமே தனித்து முடிவு செய்கிறது.

வண்டி ஓட்டும் உரிமையிலும் இதே நிலை. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தால் கார் ஓட்டும் உரிமம் பெற வழியுண்டு. இந்தியாவில் உரிமத்துக்கான படிவம் 1, வலிப்பு உண்டா என்று நேரடியாகக் கேட்கிறது. அறுவை செய்து பல ஆண்டுகள் குணமாக இருப்பவருக்கென அதில் தனிக் கட்டம் இல்லை. உண்மையைச் சொன்னால் உரிமம் இல்லை, பொய் சொன்னால் குற்றம் என்ற இடத்தில் அவர் நிற்கிறார். பொருள் கொண்டு செல்வதும் உணவு கொண்டு செல்வதும் இருசக்கர வண்டியை நம்பிய இன்றைய நகரங்களில், இது பிழைப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

கொல்கத்தாவில் 2003 முதல் 2008 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வீடு வீடாகச் சென்று ஆய்ந்தபோது, வலிப்பு நோயுள்ளோரிடையே இறப்பு பொதுமக்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. ஆகவே வலிப்பை நிறுத்துவது முதற்கடமை என்பதில் ஐயமில்லை. அறுவையால் பயன்பெறக்கூடிய பலர் அப்படியொரு வழி இருப்பதையே அறியாமல் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். அவர்களை உரிய மையத்துக்கு அனுப்பிவைப்பதே இன்றும் மிகப் பெரிய தேவை. அதே சமயம், வீடு திரும்புவோரின் கையில் இருக்கும் தாளில் எங்கெல் எண்ணோடு வேறு சில வரிகளும் இடம்பெற வேண்டும்: வேலை என்ன ஆயிற்று, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறாரா, தனியே வெளியே போகிறாரா, திருமணம் பற்றி வீட்டாரோடு யார் பேசினார், ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கப்போவது யார்.

இவற்றைக் கேட்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவரும், நோயாளியின் மொழி அறிந்த ஒரு செவியும், தொடர்ந்து எழுதும் தொலைபேசிக் குறிப்பும் போதும். காட்பாடியிலிருந்து ஒன்றரை நாள் பயணத் தொலைவில் வாழும் நோயாளிக்கு அந்தத் தொலைபேசி அழைப்பே மறுவாழ்வு மையம். திருத்திய கையைத் தொழிலறியாமல் வெளியே அனுப்பக்கூடாது என்று பால் பிராண்டு கண்டறிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. திருத்திய மூளைக்கும் அந்த விதியைப் பொருத்துவது இனியும் தள்ளிப்போட வேண்டிய வேலை அல்ல.